மான் தாண்டும், பன்றி தோண்டும்: மலையடிவார வீட்டுத் தோட்டத்துக்கான வேலி

கோவையின் மேற்கு ஓரம், மேட்டுப்பாளையம், கூடலூர், மசினகுடி, கம்பம் பள்ளத்தாக்கு, தென்காசிப் பக்கத்து மலையடி என்று காட்டை ஒட்டி வீடு கட்டிக் குடியேறியவர்கள் முதல் வருடமே கேட்கும் கேள்வி: எத்தனை அடி உயரத்துக்கு வேலி போட்டால் மான் வராது? எட்டடி என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் எட்டடி வேலிக்குள்ளும் அவரைக்கொடி மொட்டையாகி நிற்பதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். வேலியின் உச்சியைத் தாண்டி வந்ததைவிட, அடியில் நுழைந்தும் கேட் சந்தில் புகுந்தும் வந்தவைதான் அதிகம். அதனால் உயரத்துக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வருவது யார்? எந்த இடத்தில் வருகிறது?

காலையில் செடி போயிருக்கிறது என்றால் முதலில் கடித்த இடத்தைப் பாருங்கள். மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து இழுத்துப் பிய்க்கும். தண்டின் நுனி நார்நாராக இருக்கும். முயல் கடித்தால் தண்டு சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும், அதுவும் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள். மூன்றடி, நான்கடி உயரத்தில் இலை போயிருந்தால் முயலை விட்டுவிடலாம். புள்ளிமான் பின்னங்காலில் எழுந்து நின்றும் மேயும் என்பதால் ஐந்தடிக்கு மேல் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. கன்றுகளின் பட்டை நீளவாக்கில் உரிந்து தொங்கினால் ஆண் மான் கொம்பைத் தேய்த்திருக்கிறது. கடமான் (தெற்கே மிளா) இருக்கும் இடங்களில் மா, பலாக் கன்றுகளுக்கு இது மேய்ச்சலைவிடப் பெரிய சேதம்.

மண் கிளறி உழுதது போலக் கிடந்தால் காட்டுப்பன்றி. தென்னங்கன்றின் அடியில் குழி பறித்து, குருத்து வரைக்கும் கடித்திருந்தால் முள்ளம்பன்றி. பக்கத்தில் ஒரு முள்ளாவது விழுந்திருக்கும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே குடையப்பட்டு, வரப்பில் வளையும் புதுமண் குவியலும் இருந்தால் பெருச்சாளி. அதற்கு மான்வேலி போட்டுப் பயனில்லை. முளைவிட்ட நாற்று வரிசையாகக் கொத்தப்பட்டிருந்தால் மயில். பாதி கடித்த காய் தோட்டம் முழுக்க இறைந்து கிடந்தால் குரங்கு. பசிக்குத் தின்றதைவிட அது பறித்து எறிந்ததுதான் அதிகம் இருக்கும்.

கால்தடம் தெளிவாக வேண்டுமென்றால், சந்தேகப்படும் இடங்களில் இரண்டடி அகலத்துக்குச் சலித்த மணலோ அடுப்புச் சாம்பலோ பரப்பி, சாயங்காலம் துடைப்பத்தால் சமன்செய்து விடுங்கள். மான் குளம்பு முன்பக்கம் கூர்மையாக, இரண்டு பிளவாக விழும். பன்றிக் குளம்பு அதைவிட மழுங்கலாக, அகலமாக இருக்கும். பின்னால் இருபுறமும் சிறு குளம்புகளின் புள்ளியும் பதியும். இரண்டு மூன்று இரவு இப்படிப் பார்த்தாலே வரும் வழி தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஒரே வழியாகத்தான் இருக்கும்.

எதை அடைப்பது

பத்து சென்ட் இடம் முழுவதையும் சுற்றி வேலி போட வேண்டாம் என்பது என் கட்சி. செலவு ஒரு காரணம். இன்னொன்று, நீளமான வேலியில் பலவீனமான இடங்களும் அதிகம். மூன்றாவது, மான் திறந்த பெரிய வெளிக்குள் தயங்காமல் குதிக்கும். குறுகிய அடைப்புக்குள் குதிக்க யோசிக்கும். உள்ளே இறங்கினால் ஓடி வெளியே தாவ இடமிருக்கிறதா என்று அது பார்க்கிறது. காய்கறிப் பாத்தியை மட்டும் பதினாறுக்கு இருபத்துநான்கு அடியில் அடைத்தால் ஆறடி உயரம் பெரும்பாலும் புள்ளிமானுக்குப் போதும். அதே ஆறடி வேலி அரை ஏக்கரைச் சுற்றியிருந்தால் போதாது. நாயோ சிறுத்தையோ துரத்தினால் மான் சிறிய அடைப்பின் ஆறடியையும் தாண்டிவிடும். கடமான் நடமாட்டம் இருந்தால் எட்டடிக்குக் குறைக்கக் கூடாது.

யானை நடமாடும் இடமென்றால் கணக்கே வேறு. எந்த வீட்டு வேலியும் யானையை நிறுத்தாது. வலுவான வேலி, உடைபடும்போது செலவைத்தான் கூட்டும். அங்கே செய்ய வேண்டியது பழுத்த பலாவை மரத்தில் விடாமல் இறக்குவதும், வாழையை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல் இருப்பதும், அரிசி, உப்பு, தவிடு மூட்டைகளை ஜன்னலோரம் அடுக்காமல் இருப்பதும்தான். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் காட்டெருமைக்கும் ஏறக்குறைய இதே கதை. கம்பிவலையைச் சாய்த்துக்கொண்டே நடந்து போகும். அதற்குக் கருங்கல் சுவர்தான் ஈடுகொடுக்கும்.

பதினாறுக்கு இருபத்துநான்கு அடி அடைப்பு

சுற்றளவு 80 அடி. எட்டடிக்கு ஒரு கால் என்றால் 10 கால். கேட்டுக்கு இன்னொன்று சேர்த்து 11. எட்டடி உயரக் கல்தூணோ சிமென்ட் காலோ வாங்கி இரண்டடி மண்ணுக்குள் இறக்கினால் மேலே ஆறடி நிற்கும். சிமென்ட் கால் வாங்கும்போது உள்ளே நான்கு முறுக்குக் கம்பி ஓடுகிறதா என்று தலைப்பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் கட்டுக்கம்பி வைத்து வார்த்த கால்கள் விலை குறைவுதான். வலையை இழுத்துக் கட்டும் அன்றைக்கே நடுவில் விரிசல் விடும்.

குழி ஓரடி சதுரம், இரண்டேகால் அடி ஆழம். அடியில் மூன்று அங்குலம் ஜல்லி போட்டு இடித்து, காலை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து, ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற கலவையால் நிரப்புங்கள். நான்கு மூலைக் கால்களுக்கும், வேலி போகும் இரண்டு திசையிலும் முட்டுக்கால் கட்டாயம். முட்டுக்கால் இல்லாத மூலை, வலையின் இழுவையில் உள்பக்கம் சாயும். சாய்ந்தால் வலை தொளதொளக்கும். தொளதொளத்த வலையைப் பன்றி மூக்கால் தூக்கிவிடும். கான்கிரீட்டுக்கு ஒரு வாரம் தண்ணீர் விட்ட பிறகே இழுக்க வேண்டும். கூலியாள் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பார். ஒத்துக்கொள்ள வேண்டாம்.

வலை, இரண்டு அங்குலக் கண்ணுள்ள சங்கிலி வலை. மானுக்கு மட்டும் என்றால் 12 கேஜ் போதும்; பன்றி வருமென்றால் 10 கேஜ். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும் என்பதைக் கடையில் நினைவில் வைத்திருங்கள். மூன்று அங்குலக் கண் விலை குறையும், ஆனால் முயல்குட்டி புகுந்துவிடும். மேலே, நடுவில், அடியில் என மூன்று வரிசை 10 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை முதலில் இழுத்து முறுக்கிவிட்டு, வலையின் கண்களை அதில் கோத்து, ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு போடுங்கள். அடிக்கம்பி தரையோடு தரையாக ஓட வேண்டும். பலர் வலையைத் தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கிக் கட்டுகிறார்கள், துரு பிடிக்கக் கூடாதென்று. அந்த நாலு அங்குலம், மழையில் மண் அரித்த பிறகு எட்டு அங்குலம் ஆகும். முக்கால் அடி சந்து கிடைத்தால் மான் தாண்டுவதை விட்டுவிட்டு மண்டியிட்டு நுழையும்.

அடிப்பகுதிதான் இந்த வேலையின் உயிர். வேலிக்கு வெளிப்பக்கம் ஓரடி ஆழம், ஓரடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டுங்கள். இரண்டரை அடி அகலமுள்ள வெல்டு மெஷ் (ஒரு அங்குலக் கண், தடித்த கம்பி) எடுத்து, மேல் அரை அடியைச் சங்கிலி வலையோடு சேர்த்துக் கட்டி, ஓரடியைச் செங்குத்தாக இறக்கி, மிச்ச ஓரடியை வெளிப்பக்கமாக மடக்கிப் பரப்பி, மேலே கல் போட்டு மண்ணை மூடுங்கள். முள்ளம்பன்றியும் பன்றியும் வேலியின் அடியை ஒட்டித்தான் பறிக்கத் தொடங்கும். பறித்தால் கம்பி தட்டுப்படும். இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து பறிப்போம் என்று அவை பொதுவாக முயல்வதில்லை. உள்பக்கம் மடக்கினால் இந்தப் பயன் போய்விடும். கோழிவலையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். மெல்லிய கம்பி, ஈர மண்ணில் சில வருடத்தில் பொடிந்துவிடும்.

பாறையான இடத்தில் வாய்க்கால் வெட்ட முடியாது. அங்கே இரண்டடி அகல வலையைத் தரைமேலேயே வெளிப்பக்கம் விரித்து, வளைத்த கம்பி முளைகளால் இரண்டடிக்கு ஒன்று அடித்து, கல் அடுக்கினால் போதும். ஒரு மழைக்குப் பிறகு புல் அதன் வழியாக முளைத்துப் பிடித்துக்கொள்ளும். பன்றித் தொல்லை கடுமையாக இருந்தால் வலையை நம்பாமல் ஆறு அங்குல சாலிட் பிளாக்கை இரண்டு வரிசை கட்டுங்கள், ஒன்று மண்ணுக்குள், ஒன்று மேலே. வலை அதன்மேல் உட்காரட்டும்.

கேட்டும் ஆறடி இருக்க வேண்டும். வேலி ஆறடி, கேட் நான்கடி என்று கட்டியிருக்கும் வீடுகள் ஏராளம். கேட்டின் கீழே தரையில் ஒரு கான்கிரீட் படி வார்த்து, இடைவெளி இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி போகும் கேட் என்றால் சக்கரம் ஏறி ஏறிப் பள்ளம் விழும் இடத்தில்தான் பன்றி நுழையும். கொக்கி போதாது, பன்றி மூக்கால் நெம்பினாலும் குரங்கு கையால் தூக்கினாலும் திறக்காத நாதாங்கி வையுங்கள்.

மழைநீர் வெளியேறும் வாய்க்கால் வேலியைக் கடக்கும் இடம் எல்லோரும் மறக்கும் இடம். அங்கே வலையை அப்படியே விட்டால் சருகு அடைத்து, வெள்ளம் வலையைத் தள்ளிக்கொண்டு போகும். வலையைத் தூக்கி விட்டால் அதுவே வாசல். நாலு அங்குலக் குழாய் இரண்டு மூன்றை அடியில் பதித்து மேலே கட்டிவிடுவது சுலபம். நீர்வரத்து அதிகமென்றால் மேலே கீல் வைத்த கம்பிக் கிராதி தொங்கவிடுங்கள். தண்ணீர் வெளியே தள்ளும்போது திறக்கும், வடிந்ததும் தானே விழுந்து மூடும். அது உள்பக்கம் திறக்காதபடி ஒரு தடுப்புக் கம்பி வேண்டும்.

சரிவான நிலத்தில் இன்னொரு சிக்கல். மேட்டுப் பக்கம் நிற்கும் மானுக்கு உங்கள் ஆறடி வேலி நான்கடிதான். நீலகிரியில் படிப்படியாக வெட்டிய நிலங்களில் வேலி தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். வேலியை மேட்டின் விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளிப் போடுங்கள். இடம் இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் இரண்டடி இரும்பு ஆங்கிளைக் காலின் தலையில் பூட்டி, அரை அடிக்கு ஒன்றாக நான்கு வரிசை ஜி.ஐ. கம்பி ஓட்டுங்கள். அந்தக் கம்பிகளில் நாலடிக்கு ஒரு வெள்ளைத் துணிக் கீற்று கட்டுவது அலங்காரத்துக்கு அல்ல. மெல்லிய கம்பி இருட்டில் மானுக்குத் தெரியாது. வேகத்தில் வந்து மோதிக் கழுத்தறுபடும்.

முள்கம்பி மூன்று வரிசை ஓட்டி மான்வேலி என்று சொல்வது வீண். ஒன்றரை அடி இடைவெளியில் புள்ளிமான் உடம்பைச் சுருக்கிப் போய்வரும், முள்ளில் மயிர்தான் மிஞ்சும்.

காசு குறைவாக இருந்தால்

மான் உயரத்தைத் தாண்டும், அகலத்தையும் தாண்டும். இரண்டையும் சேர்த்துத் தாண்டத் திணறும். நான்கடி உயரத்தில் இரண்டு வேலிகள், நடுவில் நாலு அல்லது ஐந்தடி இடைவெளி விட்டுப் போட்டால், எட்டடி வேலிக்கு ஏறக்குறைய ஈடாகும். ஏற்கெனவே நான்கடி வேலி உள்ளவர்களுக்கு இதுதான் மலிவான வழி. நடு இடத்தில் நடந்து களையெடுக்கலாம், கோழி விடலாம்.

மறைப்பும் வேலை செய்யும். இறங்கப் போகும் இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மான் குதிக்கத் தயங்கும். ஐந்தடி வேலியில் பச்சை நிழல்வலை கட்டினால் அதன் பலன் கூடும். காற்றடிக்கும் பக்கம் ஐம்பது சதவீத நிழல்வலையே போதும். அதைவிட அடர்த்தியானது, ஆடிக்காற்றில் பாய்மரம் போலப் புடைத்துக் காலையே சாய்த்துவிடும். பழைய சேலை கட்டுவதும் இந்த வகைதான். ஊரெல்லாம் கட்டுகிறார்கள், பன்றிக்குச் சில வாரம் பலிக்கவும் செய்கிறது. அறுவடைக்கு முந்தைய மாதத்தில் கட்டுங்கள். வருடம் முழுக்கத் தொங்கவிட்ட சேலையை எந்தப் பன்றியும் மதிக்காது.

கொங்கு நாட்டுக் கிளுவை வேலியைக் கைவிட்டது நமக்கு நட்டம்தான். இலை உதிர்ந்து நிற்கும் கோடையில் கட்டைவிரல் தடிமனுக்கு மேற்பட்ட போத்துகளை (நடுவதற்கான கிளைகளை) ஐந்தடி நீளத்துக்கு வெட்டி, மழைக்கு முன்னால் ஓரடி ஆழத்தில், அரையடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசை மாற்றி மாற்றி நடுவார்கள். குறுக்கே மூங்கில் பிளாச்சு கட்டிவிட்டால் சாயாது. நெருங்கிப் பிணைய மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அதுவரை அதை வேலியாகக் கணக்கில் எடுக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. உண்ணிச்செடியை வேலிக்கு வைக்காதீர்கள். அது காட்டுக்குள் பரவி மேய்ச்சலையே அழித்த செடி, பன்றி பகலில் படுக்கவும் அதைத்தான் தேடும்.

பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது என்று சுற்றிக் கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொளதொளவென்று தரையில் கிடக்கும் நைலான் வலையில் முதலில் மாட்டுவது சாரைப்பாம்பு. எலியைத் தின்ன வந்ததைக் கொன்றுவிட்டு எலிக்கு வழிவிட்டதாக ஆகும். ஆண் மானின் கொம்பு சிக்கினால் வலையோடு ஓடி, எங்காவது மாட்டிச் சாகும். வலை கட்டியே தீர வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியும் தடித்த கயிற்று வலையாக, விறைப்பாக, தரையிலிருந்து ஓரம் தொங்காமல் கட்டுங்கள்.

ஒற்றை மரக்கன்றுக்கு வேலி தேவையில்லை, கூண்டு போதும். ஐந்தடி உயர வெல்டு மெஷ்ஷை ஆறரை அடி நீளம் வெட்டி வளைத்தால் இரண்டடி விட்டமுள்ள கூண்டு வரும். மூன்று முளை அடித்துக் கட்டுங்கள். முளை ஒன்றே ஒன்று என்றால் மான் கூண்டையே உருட்டிவிடும். தென்னங்கன்றுக்கு முள்ளம்பன்றி வருமென்றால் தகரத்தை அடித்தண்டைச் சுற்றி, அரையடி மண்ணுக்குள்ளும் ஓரடிக்கு மேல் வெளியிலும் நிற்கும்படி வைத்து, தண்டு பருக்கப் பருக்கத் தளர்த்திவிட வேண்டும்.

மயிலும் குரங்கும்

இவற்றுக்கு மேற்படி வேலி ஒன்றும் செய்யாது. மயில் சுவரில் வந்து உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும். அதற்குப் பாத்தியை மூடுவதே வழி. இருபதடி அரை அங்குல பி.வி.சி. குழாயை மூன்று சம துண்டாக வெட்டினால், மூன்றடி அகலப் பாத்தியின்மேல் வளைக்கும்போது இரண்டரை அடிக்குச் சற்று மேல் உயரம் வரும். இரண்டடி நீள இரும்புக் கம்பியைப் பாத்தியின் இருபுறமும் ஓரடி அடித்து, அதன்மேல் குழாயின் வாயைச் செருகுங்கள். நாலடிக்கு ஒரு வளைவு. உச்சியில் ஒரு கயிறு எல்லா வளைவையும் இணைத்து ஓடட்டும், இல்லாவிட்டால் காற்றில் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும்.

மேலே போடும் வலையில் கவனம் வேண்டும். பூச்சிவலை போட்டால் தேனீயும் வராது. வெண்டை, தக்காளி, கத்தரி தாங்கிக்கொள்ளும். பீர்க்கன், புடலை, பூசணி, வெள்ளரி காய்க்காது. அவற்றுக்குப் பூ விரியும் நேரத்தில் வலையைச் சுருட்டிவிடுங்கள்: பூசணிக்கு விடிகாலை, பீர்க்கனுக்கும் புடலைக்கும் சாயங்காலம். நாற்றுப்பருவம் தாண்டிய செடிகளுக்கு மயில் பெரிய எமன் இல்லை என்பதால், முதல் மூன்று நான்கு வாரம் மூடி வைத்துப் பிறகு எடுத்துவிடுவதே பலருக்குச் சரிப்படும். பளபளப்பு நாடாவை நாலைந்து மீட்டருக்கு ஒன்றாக, ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டினால் காற்றில் அதிரும். விதை முளைக்கும் வரை அது உதவும்.

குரங்குக்கு நேர்மையான பதில், ஒரு அங்குல வெல்டு மெஷ்ஷால் கூரையும் சேர்த்து அடைத்த கூண்டு. மாடித் தோட்டத்தில் அது முடியும். தரையில் பணம் கரையும். அதனால் காய்களை முற்றவிடாமல் பறிப்பது, கொய்யா, சப்போட்டா போன்றவற்றை வீட்டுக்கு அருகில் வைக்காமல் இருப்பது, குப்பைத்தொட்டிக்கு மூடி, தெருவில் யாரும் தீனி போடாமல் பார்த்துக்கொள்வது. இந்தக் கடைசி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வரும், வேறு வழியில்லை.

வாசனை, வெளிச்சம், சத்தம்

முட்டைக் கரைசல் மானுக்கு ஓரளவு பலிக்கும். மூன்று முட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் அடித்து, வடிகட்டி, நான்கு லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளியுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைக்கும். புதுத்துளிர் வந்தாலும் மழை பெய்தாலும் மறுபடி தெளிக்க வேண்டும், அதாவது ஐப்பசியில் இதை நம்ப முடியாது. ரோஜா, செம்பருத்தி, மரக்கன்றுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; பறித்து உண்ணும் கீரைக்கு வேண்டாம். சலூன் முடி, சோப்புத் துண்டு, மண்ணெண்ணெய்த் துணி எல்லாம் சில நாள் கதை. ரசகற்பூர உருண்டையை மண்ணில் போடாதீர்கள், அது நஞ்சு. குருணை மருந்தைத் துணியில் முடிந்து தொங்கவிடும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அந்த வகைக் குருணைப் பூச்சிமருந்தான போரேட் 2020 டிசம்பரோடு நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது; அந்த மூட்டை கிணற்றிலோ குழந்தை கையிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

ஆளசைவுக்கு எரியும் விளக்கு, ரேடியோ, வெடி எல்லாவற்றுக்கும் மிருகம் பழகிக்கொள்ளும். இடம் மாற்றி மாற்றி வைத்தால் பழக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நாய் கட்டுவது நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் சிறுத்தை உள்ள மலையடியில் இரவில் வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த விருந்து. நாய் இரவில் கூண்டுக்குள் இருக்கட்டும்.

செடித் தேர்வு ஓரளவு உதவும். அவரை, பீன்ஸ், தட்டைப்பயறு, தண்டுக்கீரை, சர்க்கரைவள்ளிக் கொடி, செம்பருத்தி, ரோஜா ஆகியவற்றை வேலிக்கு வெளியே வைக்கவே வேண்டாம். நொச்சி, ஆடாதோடை, எலுமிச்சைப்புல், புதினா, திருநீற்றுப்பச்சிலை, கற்றாழை போன்ற வாசனையோ கசப்போ உள்ளவற்றை மான் ஒதுக்கும். பங்குனி, சித்திரை வறட்சியில் அந்த ஒதுக்கலும் போய்விடும். அப்போது அது தேடி வருவது இலையைவிடத் தண்ணீரை. ஒழுகும் குழாயும் திறந்த தொட்டியும் வேலியின் காட்டுப்பக்கத்தில் இருக்கக் கூடாது. முடிந்தால் வேலியை நடவுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஒருமுறை ருசி கண்ட மான் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து சந்து தேடும்.

மின்சாரம்

வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது கொலை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்கு வைத்த கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. இப்படி மனிதர்களும் சாகிறார்கள். சூரிய மின்வேலி வேறு வகை. அதன் கருவி ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய அதிர்ச்சியைத்தான் அனுப்பும். அதற்கும் 2023-ல் தமிழக அரசு பதிவு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

பன்றிக்கு முக்கால் அடியிலும் ஒன்றரை அடியிலும் இரண்டு கம்பி போதும். மானுக்கு ஐந்தடி வரை ஐந்து வரிசை. பெரும்பாலான சூரிய வேலிகள் செத்துக்கிடப்பது இரண்டு காரணத்தால். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் தரையில் இறங்கிவிடும். இல்லையென்றால் எர்த் (கருவியை மண்ணோடு இணைக்கும் கம்பி) சரியில்லை: கோடையில் மண் காய்ந்தால் அதிர்ச்சி வராது. நாலடிக் கம்பி மூன்றைப் பத்தடி இடைவெளியில் அடித்து, வறட்சியில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு சென்ட் காய்கறிக்கு இந்தப் பாடு தேவையில்லை என்றே சொல்வேன்.

கண்ணி, வெடி, விஷம் எதுவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மான், பன்றி, மயில் எல்லாமே அடக்கம், மயில் அதன் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில் இருக்கிறது. பன்றியைச் சுடுவதற்கு 2025-ல் வந்த தமிழக அரசாணையும் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறை ஆட்களுக்கு மட்டுமே.

பெரிய மழைக்கு மறுநாள் காலை வேலியை ஒரு சுற்று நடந்து அடிப்பகுதியையும் வாய்க்கால் கிராதியையும் பாருங்கள். விழுந்த கிளையை அன்றைக்கே அகற்றுங்கள், அது ஏணி. கிணறு இருந்தால் அதற்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். வேலியை ஒட்டி ஓடும் மான் இருட்டில் நேராகக் கிணற்றில்தான் விழும். மான் உள்ளே சிக்கிக்கொண்டால் துரத்தாதீர்கள். பதறிய மான் வலையில் திரும்பத் திரும்ப முட்டி முகத்தைக் கிழித்துக்கொள்ளும், அதிர்ச்சியிலேயே செத்தும் போகும். காட்டுப் பக்கத்து கேட்டை முழுக்கத் திறந்து, நாயை உள்ளே கட்டி, விளக்கை அணைத்துவிட்டு ஆட்கள் எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள். பெரும்பாலும் விடிவதற்குள் போயிருக்கும். காயம்பட்டிருந்தாலோ கன்று மட்டும் தனித்து நின்றாலோ தொடாமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்த எண்ணை வேலி போடும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.